குழாய்க்கு மேலே மீன் உயிரோடு இருந்தது

மகனே,

அன்புள்ள என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது எனக்கு உன்மேல் அன்பு இல்லை, ஆத்திரம்தான் இருக்கிறது. இல்லாததை எழுத வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கொண்டுவந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனாயே, அன்றிலிருந்து உன் அப்பா என்னைத் தொந்தரவு செய்கிறார். "போன் போட்டுச் சமாதானமாப் பேசிரு, பையன் மொகம் வாடிப் போச்சு" என்கிறார். போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து நாலு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துவிட்டு என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். உன் ஆபீசில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், அதற்காகத்தான் எல்லாவற்றையும் விளக்கமாகவே எழுதப்போகிறேன்.

நீ கொண்டுவந்த காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மலைமேல் பஸ் ஸ்டாண்டு, சந்தை, லாட்ஜுகள் என்று எல்லா இடத்துக் கழிவுநீரும் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகிற காண்டிராக்ட் கம்பெனியில் நீ இன்ஜினியர். அங்கே சுத்தம் செய்ததாகச் சொல்லி நீங்கள் திறந்துவிடும் தண்ணீர், மலையில் நம் பகுதியான வாழவந்தி நாட்டில் நம் மிளகுத் தோட்டத்து ஓரமாகப் போகும் ஓடையில் விழுகிறது. நிலையத்தைப் பெரிதாக்க அனுமதி வேண்டுமாம். அதற்கு ஓடைக்கரைக்காரர்கள், தண்ணீர் நன்றாக இருக்கிறது, எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அனுமதி வந்தால் உனக்குப் பதவி உயர்வு. அக்கம்பக்கத்தில் ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, எட்டாவதாக என்னிடம் நீட்டினாய். அந்த ஏழு பேரும் உன் முகத்துக்காகப் போட்டவர்கள், தண்ணீருக்காகப் போட்டவர்கள் இல்லை.

நீ அந்த ஓடையில் கால் வைத்து எத்தனை நாளாயிற்று? கார்த்திகையில் மலையின் அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து உன் அத்தை வந்திருந்தாள். சளி பிடித்திருக்கிறது, நண்டு ரசம் வைத்துக் குடித்தால் சரியாகும் என்று ஓடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஒரு மணி நேரம் கல்லைப் புரட்டினோம். நண்டும் இல்லை, நண்டுக்கு இரையாகிற புழுவும் இல்லை. "ஏனுங்க அண்ணி, கல்லுக்கடியில ஒரு பூச்சிகூடக் காணோமுங்களே? தண்ணி என்னமோ கண்ணாடியாட்டந்தான் ஓடுது" என்றாள். அவள் அதை நல்ல செய்தியாக நினைத்துச் சொன்னாள். கல் ஒவ்வொன்றும் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் போல இருந்தது. ஓடையில் கிடக்கும் கல்லில் பாசியே இல்லை என்றால் அது என்ன கல்? குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். கழிவுநீர் நிலையத்து வேலையில் இருபத்து நான்கு வருடம் மோந்த வாடை அது. பிளீச்சிங் பவுடர்.

அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் ஓடையோடு மேலே நடந்தேன். முழங்கால் வலியோடு, வழுக்கும் பாறையில் ஏறி, உன் நிலையத்துக் குழாய் ஓடையில் விழும் இடம் வரைக்கும் போனேன். குழாயைத் தாண்டிப் பத்தடி மேலே போய் ஒரு கல்லைப் புரட்டினேன். பச்சைப் பாசி, அதில் ஒட்டிக்கொண்டு புழு, கல்லுக்கடியில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்டு. அதைத் தாண்டி மடுவில் குஞ்சு மீன் கூட்டமாக நின்றது. குழாய்க்கு மேலே எல்லாமும் இருக்கிறது, கீழே எதுவுமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த லேப்பும் தேவையில்லை, பத்தடி நடந்தால் போதும். நீ பி.இ. படித்தவன், அந்தப் பத்தடியை நடக்கவில்லை.

அப்படியே உன் நிலையத்துக்குள் போனேன். காவலுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து நீங்கள் ஒரே ஆளாகப் போட்டிருக்கிற சின்னசாமி என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். ஐம்பது வயது மனுஷன், இரண்டு கையும் வெடித்து வெடித்துக் கிடந்தது. தொட்டிக்குள் காற்று ஊதும் எந்திரம் நின்றிருந்தது. "என்னங்க சின்னசாமி, புளோயர் சத்தத்தையே காணோம்?" என்றேன். "சனி, ஞாயிறு மட்டும் ஓட்டச் சொல்லியிருக்காருங்க உங்க பையன். கரண்டு பில்லு ஏறுதாமுங்க." "மத்த நாளு?" "மத்த நாளு அது பாட்டுக்குக் கெடக்குமுங்க. சாம்பிள் எடுக்க வாராங்கன்னு போன் வந்தா, கடைசித் தொட்டியில ரெண்டு மூட்டை பவுடரக் கொட்டிருவேன். வாடையும் போயிரும், தண்ணியும் பளிச்சுன்னு ஆயிருமுங்க. போன் வராட்டியும் வாடை கூடுனாக் கொட்டிருவேன், லாட்ஜுக்காரங்க சத்தம் போடறாங்களே." அவர்மேல் பாயாதே. நீ சொல்லி வைத்ததைத்தான் செய்கிறார். என்னிடம் மறைக்கவும் தெரியாத மனுஷன்.

ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி, காற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்து, அரை மணி நேரம் அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உயிருள்ள தொட்டியின் தண்ணீர் நாட்டுச் சர்க்கரை நிறத்தில் இருக்கும். ஜாடியில் வைத்தால் சேறு சமர்த்தாகக் கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். முதல் மழை விழுந்த மண் வாசனை அடிக்கும். உன் தொட்டித் தண்ணீர் கறுப்பு மை. அரை மணி கழித்தும் கலங்கல் இறங்கவில்லை. அழுகின முட்டை வாடை. அந்தச் சேற்றில் இருக்கும் கோடானுகோடி சின்ன உயிர்கள்தான் ஊர் மலத்தைத் தின்று தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கின்றன. நம் வேலை அவற்றுக்குக் காற்று ஊதுவது மட்டும்தான். அந்த உயிர்களை மூச்சுத் திணற வைத்துக் கொன்றுவிட்டு, சாக்கடையை அப்படியே வெளுத்து ஓடையில் விடுகிறாய். சலவைக்காரன் செய்தால் அதற்குப் பெயர் தொழில். நீ செய்வதற்கு என்ன பெயர்? அதுவும் மலை ஓடையில். கீழே ஆற்றில் விட்டாலாவது நாலு பங்கு தண்ணீர் வந்து கலக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஓடையில் ஓடுவதே பாதிக்கு மேல் உன் குழாய்த் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் உயிர் எங்கே போய் ஒளியும்?

இதையெல்லாம் பார்த்துவிட்டு உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றாய். நானும் நீ நேரில் வரட்டும் என்று வாரக்கணக்கில் இருந்துவிட்டேன், அது என் தப்பு. கடைசியில் வந்தாய், கையில் காகிதத்தோடு. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதினால்தான் உனக்கு நீ பேசியது உறைக்கும்.

"ஏம்மா, நீயே அந்த வேல பாத்தவ. நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஆபீசுல எவனும் எதிர்க் கேள்வி கேக்க மாட்டான்" என்றாய். "மொதல்ல புளோயர ஓட்டு, அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்" என்றேன். "சும்மா ஓட்டுனா ஆயிருமா? செத்த சேத்த வெளிய எடுத்து, புதுசா வளத்து, அது தேறி வர ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் லாட்ஜையெல்லாம் பூட்டச் சொல்றியா? சீசன்மா இது" என்றாய். "ஓடையில ஒரு நண்டு இல்லடா" என்றேன். நீ சிரித்தாய். "நண்டப் பத்தி யாரும்மா கேக்கறாங்க? ரிப்போர்ட்டுல எல்லாம் பாஸ்." அந்தச் சிரிப்புக்கே உன்னை நாலு அறை அறைந்திருக்க வேண்டும். அதற்குள் நீ அடுத்ததைச் சொல்லிவிட்டாய். "என்னய எதுக்குத் திட்டற? பவுடர் போடற வித்தையே நீ சொல்லிக் குடுத்ததுதான?"

உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் "எந்திரிச்சுப் போடா வெளிய" என்றேன். நீ சொன்னது பொய் என்று கத்தவில்லை, கவனித்தாயா? பொய்யாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

நீ அந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் கேட்டிருக்கிறாய். உன் மாமன் மகள் காதுகுத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னேன், உன் கல்லூரி நண்பர்கள் வந்தபோதும் சொன்னேன். அடிவாரத்து நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் நான் லேப் உதவியாளர். சாம்பிள் பாட்டில் கழுவுவது, தண்ணீர் மொள்வது, ஜாடி பார்ப்பது என் வேலை. ஒருமுறை புளோயரின் பெல்ட் அறுந்து போனது. புது பெல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொட்டி கறுத்துப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, நாளைக்கு மேலதிகாரிகள் சாம்பிள் எடுக்க வருகிறார்கள் என்று தகவல். இன்ஜினியர் வெளியூரில் இருந்தார். "எப்படியாச்சும் சமாளிங்கம்மா" என்று போனை வைத்துவிட்டார். நான் என் கையாலேயே மூன்று மூட்டை பவுடரைக் கரைத்துக் கடைசித் தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் பளபளவென்று போனது. சாம்பிள் தேறியது. "இந்த அம்மா கை பட்டாத் தண்ணி சுத்தம்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். தற்காலிகமாக இருந்த என் வேலையை அந்த வருடம்தான் நிரந்தரமாக்கினார்கள். அந்த வேலையில்தான் நீ படித்தாய். இவ்வளவும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எல்லோரையும்விட நீதான் சத்தமாகச் சிரிப்பாய். "எங்கம்மா மூளைக்காரி" என்பாய். எனக்கும் மனசு குளிர்ந்து போகும்.

சாம்பிள் எடுத்ததற்கு அடுத்த நாள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. காலையில் நிலையத்தின் கேட்டுக்கு வெளியே சலீம் பாய் நின்றார். அடிவாரத்துச் சந்தையில் ஆற்று மீன் விற்கிறவர். கையில் ஒரு பேசின், அது நிறைய அயிரையும் கெண்டையும், எல்லாம் வயிறு வெளுத்துச் செத்துக் கிடந்தன. பவுடரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். பேசினைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைச் சந்தேகப்பட்டு வரவில்லை, தெரிந்தவள் என்று நம்பிக் கேட்க வந்தார். "ஏனுங்கம்மா, ஆத்துத் தண்ணியில யாராச்சும் எதையாச்சும் கலந்துட்டாங்களா? கரை பூராச் செத்து ஒதுங்கிக் கெடக்குதுங்க. நீங்க டெஸ்ட் பண்றவங்க, உங்களுக்குத்தான் தெரியும்." நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மேல யாராச்சும் வெங்காயத்துக்கு மருந்தடிச்சுட்டு டப்பாவ ஆத்துல கழுவியிருப்பாங்க பாய்" என்றேன்.

நிலையத்துக்கு மேலே ஆற்றோரமாக வெங்காயம் போட்டிருந்தவர் ஒருவர்தான். நல்லதம்பி என்று பெயர், சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். நான் பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அன்று சாயங்காலமே, ஆற்றில் மீன் பிடிக்கிற கீழ்க்கரை ஆட்கள் அவர் தோட்டத்தில் ஏறிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். செய்யாததற்கு எப்படிக் கேட்பேன் என்றாராம். அதோடு கீழ்க்கரையிலிருந்து அவர் தோட்டத்துக்கு ஆள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பட்டம் வெங்காயம் எடுக்க ஆளில்லாமல் மண்ணிலேயே அழுகியது. மீன் செத்தது குழாய்க்குக் கீழே மட்டும்தான். அவர் தோட்டத்து ஓரத்தில், குழாய்க்கு மேலே, மீன் உயிரோடு இருந்தது. ஒரே ஒருவர் கொஞ்சம் மேலே நடந்து பார்த்திருந்தால் போதும். யாரும் நடக்கவில்லை, டெஸ்ட் பண்ணுகிற அம்மாவே சொல்லிவிட்டாள் அல்லவா? நான் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போனேன், வந்தேன். அழுகின வெங்காய வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

இதுதான் நான் காதுகுத்துப் பந்தியில் சொல்லாமல் விட்ட பாதி. சொன்ன பாதியை மட்டும் வைத்து நீ ஒரு தொழிலையே நடத்துகிறாய். நான் ஒரு தடவை பயத்தில் செய்ததை நீ ஏற்பாடாகவே வைத்துக்கொண்டாய். என் தப்பை உனக்குச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. நான் செய்ததால் நீ செய்யலாம் என்று ஆகிவிடாது. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. உனக்கு என்ன பயம்? லாட்ஜுக்காரன் முகம் சுளிப்பான் என்றா?

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பாவிடம் ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறி மலையிறங்கி நல்லதம்பி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் யார் என்று சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "தெரியுமுங்க" என்றார் அவர். "அன்னைக்கே தெரியும். கொழாய்க்கு மேல மீன் துள்ளிக்கிட்டு இருந்துச்சு, நானே பாத்தேனே." "அப்பறம் ஏனுங்க சொல்லாம இருந்தீங்க?" என்றேன். "சொல்லாம இருப்பனுங்களா? கூட்டத்துல நின்னு சொன்னேன். வந்து பாருங்கன்னேன். படிச்ச அம்மா சொல்லுது, நீ என்ன கண்டேன்னாங்க." அதற்குமேல் என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. நான் கிளம்பியபோது, "இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "அப்பச் சரி. எழுதுங்க. நானும் கைநாட்டு வெக்கறேன்" என்றார்.

எழுதிவிட்டேன், மறுபடி மலையிறங்கிப் போய் அவர் கைநாட்டும் வாங்கி வந்துவிட்டேன். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கத்திலும் நான் செய்தது, சலீம் பாயிடம் சொன்ன பொய், நல்லதம்பிமேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது. மூன்றாம் பக்கத்தில் உன் நிலையம்: நின்றுபோன புளோயர், பவுடர் மூட்டை, குழாய்க்கு மேலேயும் கீழேயும் நான் பார்த்தது. நான்காம் பக்கத்தில் என்ன செய்தால் அந்த ஓடை பிழைக்கும் என்று எழுதியிருக்கிறேன். புளோயரை இரவு பகலாக ஓட்ட வேண்டும். அடிவாரத்து நிலையத்திலிருந்து உயிருள்ள சேறு ஒரு டேங்கர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். தொட்டி தேறும் வரைக்கும் லாட்ஜுத் தண்ணீரை உள்ளே வாங்கக் கூடாது. பவுடரைக் கைக்கு வந்தபடி கொட்டக் கூடாது. குழாய்க்கு மேலே உயிர் இன்னும் இருக்கிறது, விஷத்தை நிறுத்தினால் அது தானாகக் கீழே இறங்கிவரும். நீ சொன்ன அந்த ஒரு மாசத்தை ஓடைக்குக் கொடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன், அதிகமாக எதுவும் இல்லை. உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. போகலாம். போனால் உன் அப்பா என்னோடு ரொம்ப நாள் பேச மாட்டார். எனக்கும் ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ என்னவோ. அதையெல்லாம் யோசிக்காமல் எழுதவில்லை.

வருகிற திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நம் ஊர் நிறுத்தத்தில் நிற்பேன். அதற்குள் நீ வந்தால், கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்கும் நல்லதம்பியின் கைநாட்டுக்கும் கீழே இடம் இருக்கிறது. போட்டுவிட்டு நீயும் பஸ் ஏறு. வராவிட்டால், மூன்றாம் பக்கத்தில் "இவ்வாறு செய்யும்படி உத்தரவிட்டவர்" என்று எழுதி ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், அதைப் பஸ்ஸில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வேன். எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா வேறு பெயர் சொன்னபோது பிடிவாதமாக நின்று அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான்தான். எழுதும்போது அழுவேன். ஆனால் எழுதிவிடுவேன்.

உன் அம்மா